நாற்பத்தொன்றும் பத்தும்

கம்பெனியோடு வந்த டிஃபரன்ஷியல்,
ஒரு போல்ட்கூடத் தொட்டதில்லை என்று
அம்மா மேல் சத்தியம் செய்தான் பிதெகாய்ன்.
நூறுக்குக் குறைந்து ஓட்டியதே இல்லையாம்.

பைசாந்துவில் ஜூலைக் குளிர். ஸ்பேனர் விரலில் ஒட்டுகிறது.
வில்மார் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி
ஒரு சக்கரத்தைச் சுற்ற
மற்றது எதிர்ப்பக்கம் சுற்றியது,
பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி போல.
சரி, சாதாரண வகைதான்.

வடித்த எண்ணெயில் கந்தக நாற்றம்.
அடியில் வெள்ளித் தூள்,
உடைந்த வாஷரின் பிறைத்துண்டு.
கிரவுன் பல் ஒன்றில் சாக்குக்கட்டியால் கோடிழுத்து
எண்ணினேன்.
இருபத்து மூன்றில் போன்:
ஆற்றின் அக்கரையிலிருந்து யாருக்கோ கார்புரேட்டர் வேண்டும்.
மறுபடி ஒன்று.

கிரவுனில் நாற்பத்தொன்று. பினியனில் பத்து.
இந்த வண்டிக்கு முப்பத்தேழுதான் கணக்கு.
வார்ப்பின் முதுகை இரும்புப் பிரஷால் தேய்த்தும்
மூன்றா எட்டா தெரியவில்லை.
காகிதம் வைத்துப் பென்சிலால் உரசினேன். எட்டு.
மூட்டை சுமந்த பிக்கப்பின் எலும்பு இது.
முள் நூறில் நின்ற போதெல்லாம்
பிதெகாய்ன் போனது தொண்ணூறு.

மூடியின் பேக்கிங், காலண்டர் அட்டையில் வெட்டியது.
எழுபத்து நான்கு, மார்ச்;
பதினொன்றும் பன்னிரண்டும்
எண்ணெயில் ஊறி, அழியாமல்.

பற்களில் நீலம் தடவிச் சுற்றிப் பார்த்தோம்.
தடம் நடுவில் விழுந்தது, அழகாக.
பொய் சொன்னது ஆள்தான்; பல் இல்லை.
இதையே மாட்டுவோம் என்றேன்.
சீட்டில் எழுது: நாற்பத்தொன்று, பத்து, பிக்கப்.

பேக்கிங்குக்கு அட்டை தேடிய வில்மாரின் கண்
சுவர்க் காலண்டரில் நின்றது.
கை வைக்காதே,
ஜூலை இன்னும் முடியவில்லை.