ஆறில் ஒரு பங்கு உப்பு

ஏழு குப்பிகள். ஒவ்வொன்றிலும்
விடியலில் துர்க்கு துறைமுகத்துக்கு வெளியே மொண்ட கடல்நீர், நாலு டிகிரி.
மேலே நகக் கனத்துக்குக் கப்பல் எண்ணெய்.
ஒரு சொட்டு விடுகிறேன். குலுக்குகிறேன்.
பத்து எண்ணி வைத்துவிட்டுப் பார்க்கிறேன்.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று
மனிதரைத்தான் பழிக்கலாம்.
இந்த மூலக்கூறுக்கு அதுவே பிழைப்பு:
தலை நீரில், வால் எண்ணெயில்,
இடைவெளியின்றி நெருக்கியடித்து ஒரு வரிசை.
வரிசை நிறைய நிறைய
இழுவிசை தளர்கிறது.
பிளாட்டினம் வளையத்தை மெல்லத் தூக்கினால்
மல்லுக்கு நிற்காமல் விட்டுவிடுகிறது நீர்.

மூன்றாம் எண் பெருங்கடலுக்கென்று செய்தது.
அட்டவணையில் முதலிடம்.
இங்கே தோற்றது.
இத்தனை நதிகள் வந்து விழும் இந்தக் கடலில்
உப்பு ஆறில் ஒரு பங்குதான்.
நீர் அதற்கு இனித்துவிட்டது;
காவலை விட்டு உள்ளே இறங்கிப் போய்விட்டது.
உப்பிட்டவரைத்தான் நினைக்கும் போல.

ஐந்தாம் எண்ணுக்கு நீர்ப்பற்று குறைவு.
வாலின் நடுவே ஒரு வளைவு,
குளிரில் அடுக்கி உறைந்துவிடாதிருக்க.
குலுக்கியதும் குப்பி முழுக்கப் பாலூற்றிய காப்பி நிறம்.
ஒரு மணி நேரமாகியும் எண்ணெய் மேலே கூடவில்லை.
"இதுதான்" என்றேன்.
துய்லிக்கி கையெழுத்திடப் பேனா தேடினாள்.

படகுக்காரர் ரூரிக் சோடர்ஹோல்ம்
ரப்பர் பூட்ஸோடு வாசலிலேயே நின்றிருந்தவர்
குப்பியை வாங்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தார்.
"எண்ணெய் எங்கே?"
"நீருக்குள்தான். பொடித் துளிகளாக. கண்ணுக்குத் தெரியாது."
"கண்ணுக்கு" என்றார்.
பிறகு, "அங்கே ஆழம் மூன்று மீட்டர். இது மே மாதம்.
பாசியெல்லாம் ஹெர்ரிங் முட்டை."

அட்டவணையைத் திரும்பப் பார்த்தேன்.
ஒன்றிலிருந்து இருபதுவரை,
எது நீரை நாடும், எது எண்ணெயை நாடும், எல்லாவற்றுக்கும் எண் இருந்தது.
எதையும் ஊற்றாதே என்பதற்கு இல்லை.
துய்லிக்கி பேனாவை மூடினாள்.

மிதவைத் தடுப்பும் உறிஞ்சும் குழாயும் ஏற்றிக்கொண்டு
மதியத்துக்கு முன்பே படகு போனது.
எட்டு நாளாகும்,
அசிங்கமாக, எல்லோர் கண்ணெதிரே.

எண்ணெயைக் கழிவுக் கேனில் கொட்டிவிட்டுக்
குப்பிகளைக் கழுவ நின்றேன்,
எல்லார் வீட்டுச் சமையலறையிலும் இருக்கும்
அதே பச்சைத் திரவத்தால்.
ஒட்டியிருந்த மிச்சம் எவ்வளவு பணிவாக விலகியது!
நுரையோடு சுழன்று
தொட்டியின் துளைவழி இறங்கியது.
எங்கே போகிறது என்று
ரூரிக் கேட்டிருப்பார்,
இருந்திருந்தால்.