வாயின் மேல்

எங்கள் சொல் அதற்கு ஸெபிராத்.
ஸெ என்றால் மேல், பிரி என்றால் வாய்.
மனமும் இல்லை, பாடமும் இல்லை அதற்குள்.
வாயின் மேல். அவ்வளவுதான்.

தொண்ணூற்றிரண்டில் திபிலிசியில்
மின்சாரம் போனது, எரிவாயு போனது.
நாற்காலிகளை எரித்தோம், பிறகு தரைப்பலகைகளை,
பிறகு அலமாரியை.
அலமாரி போனதும் புத்தகங்கள்
சுவரோரம் வரிசையில் நின்றன,
ரொட்டிக்கு நாங்கள் நின்றதுபோல்.

லம்சீரா ஒரு சட்டம் போட்டாள்:
உருப்போடாத தாள் அடுப்புக்குப் போகாது.
(கட்சி மாநாட்டு உரைகளுக்கு விலக்கு.
நாற்பது தொகுதி. நன்றாக எரிந்தன.)

கடைசியாக மிஞ்சியது
தேனீ வளர்ப்புக் கையேடு.
எங்களிடம் ஒரு தேனீகூட இருந்ததில்லை.
ஒற்றைப்படைத் தாள் அவளுக்கு, இரட்டைப்படை எனக்கு.
கோட்டுப் பைக்குள் கை விட்டுக்கொண்டு
நின்றபடியே படிப்பாள்,
ஒவ்வொரு சொல்லும் ஆவியாய்த் தெரியும்.
நான் அடுப்பைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தேன்.
கை விறைத்திருந்தது.
ஒப்பித்துக் காட்டு என்று அவள் கேட்கவே இல்லை.
என் தாள்கள் நிஜமாகவே வாயின் மேல்தான் இருந்தன,
ஒரு நொடி.

இந்த மார்ச்சில் மூளைக்குள் ஏதோ நரம்பு வெடித்தது.
மகன் பாத்ரியின் பெயர் போயிற்று.
கரண்டி போயிற்று, கதவு போயிற்று,
நான் போனேன்.
மூன்று மாதம் ஒரு சொல் இல்லை.

செவ்வாய்க்கிழமை, சூப் ஆறிக்கொண்டிருந்தபோது,
கூரையைப் பார்த்தபடி ஆரம்பித்தாள்:

வலுக்குறைந்த இரண்டு கூடுகளை
இலையுதிர் காலத்தில் ஒன்றாக்கலாம்.
நடுவில் ஒரு செய்தித்தாளை விரி.
ஊசியால் சில துளைகள் போடு.
இரு பக்கத்து ஈக்களும் தாளைக் கடித்துத் தீர்ப்பதற்குள்
ஒன்றின் வாசம் மற்றதற்குப் பழகிவிடும்.
மூன்றாம் நாள் திறந்து பார்க்கையில்

நின்றுவிட்டது.
தாள் அங்கே முடிகிறது.
அடுத்தது என் தாள்.

திரும்பி என்னைப் பார்த்தாள்.
அடுத்த கட்டிலில் இருந்த கிழவர்கூட
சப்புவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.
நான் தொண்டையைக் கனைத்தேன்.

"எல்லா ஈக்களும் ஒன்றாய்,
நிம்மதியாய் இருக்கும்" என்றேன்.

லம்சீரா சூப்புக் கிண்ணத்தைத் தள்ளினாள்.

"தப்பு" என்றாள்.

எந்தப் பக்கத்திலும் அச்சாகாத சொல்.
அவளுடையது.