மெய்க்கு அரை மாத்திரை

ஃபிரேசர்பரோ துறைமுகத்திலிருந்து
மேலே ஏறும் தெருவில் கிளினிக்.
அதில் சன்னல் இல்லாத அறை அவளுடையது.
போன வருஷம் வரை உடைந்த நாற்காலி அடுக்கிய இடம்.
கதவில் ஷோனா ரிச்சி, மருந்தாளுநர்.
அதைப் படித்துவிட்டு
கடை எங்கே என்று கேட்பவர்கள் உண்டு.
அவளிடம் விற்க ஒன்றுமில்லை.
ஒரு கணினி, பிரஷர் பார்க்கும் பட்டை,
ஆளுக்கு அரை மணி நேரம்.

இன்று ஃபோர்ப்ஸ் புக்கன், வயது எழுபத்தெட்டு.
மீன்பிடிப் படகில் எஞ்சின் பார்த்தவர்.
டாக்டரைக் கேட்டால்
இங்கே தள்ளிவிட்டார்களே என்ற கோபம்
அவர் உட்கார்ந்த பிறகும் நின்றுகொண்டிருந்தது.
"எல்லாத்தையும் கொண்டுவரச் சொன்னீங்களே."
சூப்பர்மார்க்கெட் பையைக் கவிழ்த்தார்.
வலையை உதறியது போல
மேசை முழுக்க அட்டைகள்,
சில முழுசாய், சில பாதி தின்றதாய்.

அவள் முதலில் எடுத்தது நாயுடையது.
"பார்லிக்குக் குடற்புழு மாத்திரை," என்றார்,
"இது இங்கேயா கிடந்தது?"
யார் எதைத் தின்றார்கள் என்று
கொஞ்ச நேரம் இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.
பிறகு அவள் சிரித்துவிட்டாள்.
அவரும்.
கோபம் அப்போதுதான் உட்கார்ந்தது.

அட்டைகளை வரிசைப்படுத்தினாள்,
நோய்வாரியாக அல்ல, வந்த தேதிவாரியாக.

பிரஷருக்கு ஒன்று.
அது கணுக்காலை வீங்க வைத்தது.
வீக்கத்துக்கு, நீர் பிரிய ஒன்று.
அது யூரிக் அமிலத்தைத் தேக்கி
கால் கட்டைவிரலில் கொள்ளி வைத்தது.
வலிக்கு ஒன்று, வேறொரு டாக்டர், ஒரு சனிக்கிழமை.
அது வயிற்றை அரிக்குமே என்று அதற்கொன்று.
வலிமாத்திரை சும்மா இருக்கவில்லை,
பிரஷரையும் ஏற்றியது.
ஏறிய பிரஷருக்கு
முதல் மாத்திரை இரட்டிப்பானது.
இரட்டித்ததும்

விரல் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது.
ஒவ்வொரு டாக்டரும் அவரவர் நாளில் சரி.
பத்து நிமிடத்தில் கணுக்கால் தெரியும்,
அதன் வம்சம் தெரியாது.

"நீர் மாத்திரை தினமும் போடுறீங்களா?"
சுவரைப் பார்த்தார்.
சுவரில் பார்க்க ஒன்றுமில்லை.
"செவ்வாய், வெள்ளி கிடையாது.
பீட்டர்ஹெட்டுக்கு பஸ்ல போகணும், தங்கச்சி அங்க ஹோம்ல இருக்கா.
வழியில கழிப்பறையெல்லாம் பூட்டிட்டாங்க."
எந்தக் கோப்பிலும் இல்லாத செய்தி.
ரத்தப் பரிசோதனை எண்களுக்குப் பக்கத்தில்
எழுதிக்கொண்டாள்:
செவ்வாய். வெள்ளி. பஸ்.

இதை எழுதுகிற எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது,
என் மொழியில் மாத்திரை என்றால் நேரமும்கூட.
கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம்.
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு,
மெய்க்கு அரை.
மெய் என்றால் உடம்பு, மெய் என்றால் உண்மை
என்பதை அவளுக்கு எந்தப் பாஷையில் சொல்ல?
அவளோ இலக்கணம் பிசகாமல்
முதல் மாத்திரையைப் பாதியாக்கினாள்.
வலிமாத்திரையை நிறுத்தினாள்.
பஸ் நாளில் நீர் மாத்திரை
வீடு திரும்பிய பிறகு, நாலு மணிக்கு.
மற்றதை இப்போது தொடவில்லை.
ஒன்றை உருவினால் எது சரியும் என்று
பார்த்துத்தான் அடுத்ததை உருவ வேண்டும்.

"புதுசா ஒண்ணும் தரலையா?"
மெலிந்த பையைத் தூக்கிப் பார்த்து,
ஏமாந்தவர் போலத்தான் போனார்.

மூன்று வாரம் கழித்துப் போன் செய்தாள்.
பிரஷர் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது.
வீக்கம் பாதி வடிந்துவிட்டது,
பழைய பூட்ஸில் இடது கால் நுழைகிறது,
வலது இன்னும் யோசிக்கிறது.
"மெதுவாப் பேசுங்க, பஸ்ல இருக்கேன்,
இன்னிக்கு வெள்ளிதானே."
அவர் குரலுக்குப் பின்னால் எஞ்சின் சத்தம்.
"நல்லா ஓடுது," என்றார்.
எது என்று அவள் கேட்கவில்லை.