கசியும் ரகம்

இரண்டையும் கொண்டுபோ என்றார் பூஸ்தோஸ்.
சனிக்கிழமைக்குள் ஒன்று திரும்பி வரவேண்டும்.
ஈடாக என் அடையாள அட்டையை வாங்கிக்
கல்லாப்பெட்டியில் போட்டுக்கொண்டார்.

வால்பரைசோவில் எங்கள் வீடு
மலைச்சரிவைத் தொற்றிக்கொண்டிருக்கும் தகரம்.
சுவருக்கும் காது உண்டென்பார்கள்,
தகரச் சுவருக்கு வாயும் உண்டு.
மழை பெய்தால் மழையைச் சொல்லும்.
எரிவாயு விற்பவன் சிலிண்டரைத் தட்டிக்கொண்டு போனால்
அதையும் ஒருமுறை திருப்பிச் சொல்லும்.
ஸ்பீக்கருக்கு இங்கே வழியில்லை.
தவிர, மிர்த்தா பகலில் தூங்குகிறவள்.
இரவெல்லாம் துறைமுகத்தில்
நாற்பது மீட்டர் உயரத்தில் கிரேன் ஓட்டிவிட்டு
எட்டு மணிக்குப் படியேறி வந்து
பூட்ஸைக் கழற்றும் முன்பே பாதி தூங்கிவிடுவாள்.
கட்டிலுக்கும் என் மேசைக்கும் நடுவே ஒரு திரைச்சீலை.
அவ்வளவுதான் எங்கள் ஸ்டுடியோ.

முதலில் மூடிய ரகம்.
காதை முழுசாக விழுங்கும் கறுப்புக் கிண்ணங்கள்.
போட்டதும் ஊரே இல்லை.
நாய்கள் இல்லை, கடற்சிங்கங்கள் இல்லை.
பேஸ் அடிவயிற்றிலிருந்து எழுந்தது.
நானா செய்தேன் இதை என்று இருந்தது.
இரண்டு நாள் அந்த மயக்கத்திலேயே மிக்ஸ் செய்தேன்.
புதனன்று அதே பாட்டை
மைத்துனன் ஓஸ்வால்தோவின் காரில் போட்டால்
பேஸைக் காணோம்.
கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிவிட்டது.
கிண்ணம் தன் கையிலிருந்து போட்ட காசை
என் வருமானம் என்று எண்ணியிருக்கிறேன்.

அடுத்தது திறந்த ரகம்.
வெளிப்புறம் வலை. காற்று போய்வரும்.
பேஸ் உள்ளது உள்ளபடி,
அதாவது, கொஞ்சம்தான்.
குரலுக்கடியில் நான் ஒளித்துவைத்த மூச்சுவாங்கல்,
கிட்டார் கம்பியில் விரல் உராய்ந்த கீச்சு,
எதிரொலியின் வாலை நான் அவசரமாக நறுக்கிய இடம்,
எல்லாம் சபைக்கு வந்து நின்றன.
பிடிக்கவில்லை.
பிடிக்காததாலேயே நம்பினேன்.
ஒரே குறை, கசியும்.
நான் கேட்பதில் ஒரு சிட்டிகை அறைக்குள் போகும்.
பேஸ் போகாது. பாட்டின் மேல்தோல் மட்டும்,
தீப்பெட்டிக்குள் அடைத்த வண்டு மாதிரி.

வியாழக்கிழமை
ஒலியைக் குறைத்துக் குறைத்து
இரண்டாம் சரணத்தையே அறுபது தடவை ஓட்டினேன்.
திரைக்கு அந்தப்புறம் ஒரு புரளல்கூட இல்லை.

சாயங்காலம்
ரொட்டியில் அவகாடோ பூசிக்கொண்டே கேட்டாள்:
"சின்னதாக டிக் டிக் என்று ஒன்று வருகிறதே,
ஒரு இடத்தில் மட்டும் ஏன் பிந்துகிறது?"
எந்த டிக் டிக்?
"கொக்கி கன்டெய்னரில் சரியாக உட்காராவிட்டால்
இப்படித்தான் ஒரு சத்தம் வரும்.
அரை நொடிகூட இருக்காது.
ஆனால் தூக்கக்கூடாது."

போய்ப் பார்த்தேன்.
ஹை-ஹாட். முப்பது மில்லிசெகண்டு பின்னால்.
ஆறு வாரமாக அங்கேயே கிடந்திருக்கிறது.
நான் பேஸைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"தூங்கவில்லையா நீ?"
"தூங்கினேன். நடுநடுவே கேட்டேன்."
"தொந்தரவா?"
கத்தியை நக்கியபடி யோசித்தாள்.
"தொந்தரவுதான்.
ஆனால் அந்தக் கறுப்பைப் போட்டிருந்தாயே, அன்றைக்கு
இரண்டுமுறை தண்ணீர் கேட்டேன்.
உன் முதுகு ஆடிக்கொண்டே இருந்தது."

சனிக்கிழமை கறுப்பு திரும்பிப் போனது.
அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு
பூஸ்தோஸ் எச்சரித்தார்,
வீட்டில் ஆள் தூங்குகிறதே, இது கசியுமே.
தெரியும் என்றேன்.
நான்கு தவணைக்குக் கையெழுத்துப் போட்டேன்.

வீடு வந்தபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.
துறைமுகத்தில் சோடி சோடியாகக் கொடுப்பார்களே,
ஆரஞ்சு நுரைத் தக்கை,
அதில் ஒன்று காதில் இருந்தது.
மற்றது
தேநீர்க் கோப்பையின் தட்டில்.