ஈரம் கழித்து

"ஒத்த ஆளுக்கு ரூம் கிடையாது" என்றார்
மேல ரதவீதியில் மூன்றாவது லாட்ஜ்காரர்.
விழாத பேனாவை எடுப்பதுபோல் குனிந்து
என் பைக்குள் பார்த்தார்,
பூச்சிமருந்து ஏதும் கொண்டுவந்திருக்கிறேனா என்று.
முன்னனுபவம் இருக்கும். பாவம்.

ஆதார் காட்டினேன். அலுவலக அட்டை காட்டினேன்.
கோயம்புத்தூருக்குப் போன் போட்டு
மேனேஜரைப் பேசவைத்தேன்.
"நம்ம பொண்ணுதான், குடுங்க" என்றார் மேனேஜர்,
என்னைவிட நான்கு வயது இளையவர்.

தடித்த நோட்டில் 'வந்த நோக்கம்' என்றொரு கட்டம்.
எனக்கு மேலே பதினேழு வரி:
தரிசனம், தரிசனம், திதி, தரிசனம்,
பிறகு கை சலித்து மேற்படி, மேற்படி.
நான் 'பாசி' என்று எழுதினேன்.
நம்புராஜன், சட்டைப்பையில் அப்படித்தான் இருந்தது,
கண்ணாடியை ஏற்றிப் படித்தார்.
"காசியா? போய்ட்டு வந்தாச்சா, இனிமேத்தானா?"
"இனிமேத்தான்" என்றேன்.
மணி பத்தரை.

கடல் தெரியும் அறைக்கு முந்நூறு கூடுதல்.
ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர்.
அதன்மேல் காயப்போட்ட ஜமுக்காளம்.
காற்று அதைத் தூக்கும்போதெல்லாம்
கடல்,
ஒரு விரற்கடை.

குழாய்த் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை,
திரிந்தது.
மெத்தையில் கைவைத்தேன். வைத்த கையை முகர்ந்தேன்.

என் பிழைப்பு பையில்தான் இருந்தது:
இரண்டு ஊசி, ஒரு சிவப்பு எண்.
உலர்ந்த பாசியில் குத்தினால்
எத்தனை சதம் ஈரமென்று சொல்லும்.
முப்பத்தைந்தைத் தாண்டினால் விலையில் கழிக்கவேண்டும்.
நாற்பதைத் தாண்டினால் சரக்கையே திருப்பவேண்டும்.
மெத்தையில் குத்தினேன்.
நாற்பத்தொன்று.
தலைமாட்டில் முப்பத்தெட்டு.
கால்மாட்டில், வேண்டாம்.

விடிந்தால் தை அமாவாசை.
இருபத்திரண்டு கிணற்றிலும் வாளி வாளியாய் வாங்கிக்கொண்டு
சொட்டச் சொட்ட வந்து இதில் உட்கார்ந்து எழுந்தவர்கள்
எத்தனை பேரோ.
கரைத்த பாவத்தில் பாதி
கடலுக்குப் போகாமல் இந்தப் பஞ்சில் இறங்கியிருக்கிறது.
துண்டை விரித்து ஓரமாய் ஒருக்களித்தேன்,
முன்பதிவில்லாத பெட்டியில்போல.
மூன்று மணிக்குக் கதவைத் தட்டித்
தெலுங்கில் யாரையோ எழுப்பினார்கள்.
என்னைத்தான்.

அதற்குப்பின் தூங்கவில்லை.
இன்னாசியம்மாள் நினைவுக்கு வந்தாள்.
நேற்றுப் பகல், சம்பைக் கரையில்,
அவள் மூட்டை முப்பத்தாறு காட்டியது.
"ராத்திரி பனிம்மா. ஒத்த பாயிண்டுக்கா?"
கிலோவுக்கு நான்கு ரூபாய் கழித்தேன்.
பேனா எங்கேயும் நிற்கவில்லை.

காலையில் கணக்குத் தீர்க்கும்போது
பில் புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு
"எவ்வளவு போடணும் மேடம்?" என்றார் நம்புராஜன், பரிவாக.
கம்பெனி தருவது ஆயிரத்து இருநூறு.
அவர் வாங்கியது ஆயிரத்து எண்ணூறு.
"ஈரத்தைக் கழிச்சுப் போடுங்க."
"காசிக்குப் போறவங்க பேச்சே தனி" என்று
ஆயிரத்து எண்ணூறே போட்டார்.

சம்பையில் லாரி வந்து நின்றிருந்தது.
செருப்பில் ஏறிய மணலைத் தட்ட
பையைக் கீழே வைக்க மனமில்லாமல்
தராசுத் தட்டில் வைத்தேன்.
ஊரில் ஒன்பது கிலோவாய்க் கிளம்பிய பை
பத்தரையில் போய் நின்று ஆடியது.
உள்ளே காயாத துண்டு, காயாத நைட்டி,
ஒரு ராத்திரி.

இன்னாசியம்மாள் முள்ளைப் பார்த்தாள்.
பிறகு என்னை.
"கழிக்கவா?"

பக்கத்திலிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
அந்தப் பையில்தான் இருந்தது
நேற்றைய ரசீதுப் புத்தகமும்.
எடுத்துப் பிரித்தேன். மை ஊறிப்போயிருந்தது.
அவள் பெயருக்கு நேரே
நான்கா, ஒன்றா,
எழுதிய எனக்கே சரியாகத் தெரியவில்லை.
லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.