விகிதாசாரம்

விளம்பரத்தில் ஹஃபிஸ் எழுதியது:
மூவறை, ஒன்பதாம் தளம், நல்ல காற்றோட்டம்,
மேற்கு வெயில் இல்லை,
எம்ஆர்டிக்கு ஆறு நிமிட நடை.
எட்டு நிமிடம்.
அவருக்குக் கால் நீளம்.

குத்தகையில் மீதி ஐம்பத்து மூன்று வருடம்.
எனக்கு வயது நாற்பத்தாறு.
கூட்டிப் பார்த்தேன், போதும் போலிருந்தது.
தீர்ப்பின் எட்டாவது பத்தி
விற்றுப் பாதிப் பாதி என்கிறது.

ஆட்கள் பார்க்க வரும் நாளில்
மீன் பொரிக்கக் கூடாது.
வாசல் தோரணம் வேண்டாம்.
சாமிப் படங்கள் அலமாரிக்குள்.
"யார் வீடாவும் இருக்கலாம்னு தோணணும், அக்கா."
முருகனை இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.
கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போவது
அவருக்குப் புதிதல்ல.

முதலில் வந்தவர்கள் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள்.
அடுத்து வந்தவர்,
மழைக்குச் சமையலறை ஜன்னல் ஒழுகுமா என்றார்.
ஒழுகும் என்றேன்.
ஹஃபிஸ் இருமினார்.
மூன்றாம் முறை, ஒரு கையெழுத்துக்காக,
என்னோடு பதினாறு வருடம் இங்கே இருந்தவரும் வந்தார்.
காலணியைக் கழற்றாமல் தாழ்வாரத்திலேயே நின்றார்.
பார்க்க வந்த பெண் அவரிடம் கேட்டாள்,
"நீங்களும் வீடு பார்க்கவா?"
ஆமாம் என்றார்.

பக்கத்து வீட்டு சியூ எங்கின் சாவி
பன்னிரண்டு வருடமாக எங்கள் ஆணியில் தொங்குகிறது,
சிவப்பு நூல் கட்டி.
குளியலறையில் அவள் வழுக்கி விழுந்த இரவு
அந்தச் சாவிதான் ஓடியது.
அவள் மகன் வெய் லியாங் வந்தான்.
சொன்ன விலை. பேரமில்லை.
சுவருக்கு இந்தப் பக்கம் நானும்
அந்தப் பக்கம் அம்மாவும் என்றான்.
கை குலுக்கிக்கொண்டோம்.

கணினி குலுக்கவில்லை.
இந்த புளோக்கில் சீனர் விகிதம் நிறைந்துவிட்டது.
இந்தியர் வீட்டை அவன் வாங்க முடியாது.
மாதம் முதல் தேதி எண்கள் மாறும், பார்ப்போம்
என்றார் ஹஃபிஸ்.

மார்ச் ஒன்று.
ஏப்ரல் ஒன்று.
மின்தூக்கியில் ஏறுகிறவர்களை
எண்ணத் தொடங்கியிருந்தேன்.
நாலாம் தளத்து டான் குடும்பம் பொங்கோலுக்குப் போகிறதாம்.
எப்போது?
கீழ்த்தளத்தில் ஒரு சாவு,
மூன்று இரவும் விளக்கு, வட்ட மேசைகள்.
வெள்ளை உறையில் பணம் வைத்துக் கொடுத்துவிட்டு
பெரியவரின் படத்துக்கு முன் நின்றேன்.
கை கும்பிட்டது.
மனம் ஒன்றைக் கழித்தது.
தூரத்து மேசையில் வெய் லியாங்
வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான்,
என் கண்ணைப் பார்க்காமல்.

குறை சொல்லவும் வாய் வரவில்லை.
இந்தக் கணக்கு இல்லாத ஊரில்
அந்தச் சிவப்பு நூல்
என் ஆணிவரை வந்திருக்குமா?
தெரியவில்லை.
தெரியாததற்கு விலை
இருபத்தெட்டாயிரம் வெள்ளி குறைவு.

மே மாதம் ஸ்ரவந்தியும் அவள் கணவனும்
விஜயவாடாக்காரர்கள்.
படிவத்தில் அவர்களும் நானும் ஒரே இனம்.
பேச ஆங்கிலம் தேவைப்பட்டது.
ஜன்னல் ஒழுகும் என்றேன்.
பரவாயில்லை என்றாள்,
இப்போதிருக்கும் வாடகை அறையில் ஜன்னலே இல்லையாம்.

தோ பாயோ, வீவக அலுவலகம்,
வரிசை எண் நானூற்றுப் பதினேழு.
அவரும் நானும் நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தோம்.
மரக்கதவு, இரும்புக் கதவு, தபால் பெட்டி.
மேசைமேல் சாவிகளை எண்ணி
அதிகாரி சரி என்றார்.

வெளியே மின்படிக்கட்டருகில்
கைப்பையிலிருந்து இன்னொன்றை எடுத்தேன்.
சியூ எங்கைக் கேட்டுத்தான் எடுத்து வந்தேன்.
"உன் ஆணி, நீயே சொல்" என்றிருந்தாள்.
ஸ்ரவந்தி சிவப்பு நூலை விரலில் சுற்றி
சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எந்த அறைக்கு?"