முப்பத்தெட்டாம் அறிக்கை

டக்குவரெம்போ கம்பளிக் கூட்டுறவில்
வெள்ளிதோறும் நாற்பத்து மூன்று அறிக்கைகள்.
ஓரம் துளையிட்ட தாளில்
புள்ளி புள்ளியாய்க் குத்திக்கொண்டு
மதியம் முழுக்க இரையும் அச்சுப்பொறி.
நான்கு பிரதி. நான்காவது
தொண்ணூற்றொன்பதில் ஓய்வு பெற்ற மேலாளரின்
தட்டுக்குப் போகும், இன்னமும்.

எல்லாவற்றையும் ஒரே திரைக்குள் அடக்கிவிட்டு வா என்று
மொந்தெவிதேயோவிலிருந்து என்னை அனுப்பினார்கள்.
யார் எதைப் படிக்கிறீர்கள் என்று கேட்டேன்.
எல்லோரும் எல்லாவற்றையும் என்றது சபை.

ஆகவே பழைய தந்திரம்:
கடைசியிலிருந்து ஒவ்வொன்றாய்ச்
சத்தமில்லாமல் நிறுத்திவிட்டு
மாத்தே உறிஞ்சியபடி
தொலைபேசியைப் பார்த்திருப்பது.
நாற்பத்து மூன்று. மணி அடிக்கவில்லை.
நாற்பது. இல்லை.
முப்பத்தெட்டை நிறுத்திய வாரம்
மழை மட்டும் ஜன்னலைத் தட்டியது.
எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இருபத்தேழில்
மாடிப்படி அதிர்ந்தது.
கணக்குப் பிரிவு ஸுல்மா எச்செவெர்ரி,
கொண்டையில் பென்சில்.
"என் இருபத்தேழு எங்கே?"

மூட்டை எடைக் கழிவு, அதுதான் இருபத்தேழு.
பழைய தராசு மூட்டைக்கு
இரண்டரைக் கிலோ கூடுதலாய்ப் பொய் சொன்னதாம்.
யாரோ நிரலில் கழித்தல் எழுதினான்.
அவன் ஸ்பெயினில் இருக்கிறான், அல்லது கல்லறையில்,
இரண்டு கருத்து உண்டு.
தராசை மாற்றிப் பதினோரு வருடம்.
கழித்தலை மாற்றவில்லை.
வெள்ளிதோறும் இவள் அந்தத் தாளை மடியில் போட்டு
மூட்டை மூட்டையாய்
இரண்டரையைப் பென்சிலால் திருப்பிக் கூட்டிய பிறகே
காசோலை எழுதப்படும்.

என் புதுத் திரையைத் திறந்தேன்.
அந்தக் கழித்தலைத் தசமப் புள்ளி பிசகாமல்
பக்தியோடு கொண்டுவந்திருந்தேன்.
பக்கத்தில் பச்சை அம்பு, மேல்நோக்கி.
அந்த வெள்ளி எல்பியோ தெச்சேராவின்
முப்பத்தோரு மூட்டையில்
எழுபத்தேழரைக் கிலோ
அம்புக்குள் போயிருக்கும்.

"யாரிடமாவது சொல்லியிருக்கலாமே?"
நனைந்த கம்பளியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.
"சொன்னேனே. முப்பத்தெட்டில்."

கிடங்கில் போய்க் கட்டுகளைப் பிரித்தேன்.
முப்பத்தெட்டு: குறிப்புகள்.
ஒவ்வொரு வெள்ளியும் ஒரே வரி,
அந்த இயந்திரத்துக்குத் தெரிந்த
பெரிய எழுத்துகளில்,
கத்துவதுபோல்:
தராசு மாறிவிட்டது. கழிவை நீக்கவும்.
முதல் இரண்டு வருடம் 'தயவுசெய்து' இருந்தது.
பிறகு இல்லை.

நீக்கினேன். ஒற்றை வரி.
மாத்தேக்கு வெந்நீர் ஊற்றியதையும் சேர்த்து
நான்கு நிமிடம்.
ஸுல்மா பென்சிலைக் கையில் உருட்டிக்கொண்டு
சற்று நேரம் நின்றாள்,
திரும்பக் கொண்டையில் செருகினாள்.

முப்பத்தெட்டை மறுபடி ஓடவிட்டிருக்கிறேன்.
ஒரு பிரதி. எனக்கு.
இந்த வெள்ளி வந்த குறிப்பு:
புதுத் தராசுக்கு நேர்மேலே கூரை ஒழுகுகிறது.

வாளி தேடிக்கொண்டிருக்கிறேன்.